ஆறு மணி நேர ராஜா

*லண்டன் – நியூயார்க் வழியில் ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்: எப்போது வாங்கலாம், எப்போது விட்டுவிடலாம்?*

நியூயார்க் கென்னடி விமான நிலையம், எட்டாவது டெர்மினல். இரவு எட்டரை மணி. செல்சி லவுஞ்சில் ஒருவர் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மேஜையில் வெள்ளைத் துணி, பக்கத்தில் ஷாம்பெயின் பார், பரிமாற ஆள். ஆனால் அவர் சாப்பிடுவதைப் பார்த்தால், கல்யாணப் பந்தியில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் இலையை முடிக்கிற வேகம்.

விமானம் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அப்புறம் ஏன் இந்த அவசரம்? அவர் போட்டிருக்கும் கணக்கு வேறு. உள்ளே போனதும் பைஜாமாவுக்கு மாற வேண்டும். பணிப்பெண் மெத்தை விரித்துத் தருவார். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். முன் கேபினில் பரிமாறப்போகும் ஐந்து வகை விருந்தை அவர் தொடப்போவதில்லை. அயர்லாந்து தாண்டும்போது எழுப்பிவிட்டால் ஒரு காபி குடிப்பார். பல ஆயிரம் டாலர் கொட்டி வாங்கிய இருக்கையின் முக்கால்வாசிப் பயனையும் கண்ணை மூடிக்கொண்டே அனுபவிக்கப் போகிறார்.

அட்லாண்டிக்கின் மேற்குக் கரையில் தினம் இரவு நடக்கிற காட்சி இது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வேலைக்காகப் பறந்தவர்கள் மட்டுமே ஒரு காலத்தில் முன் கேபினைப் பற்றிப் பேசினார்கள். இப்போது நாலு நாள் ஊர் சுற்றப் போகிறவர்களும், இருபத்தைந்தாவது திருமண நாள் கொண்டாடப் போகிறவர்களும் "ஒரு தடவையாவது ஃபர்ஸ்ட் கிளாஸ்ல போய்ப் பார்த்துடலாமே" என்கிறார்கள். ஆசை நியாயம்தான். எந்தத் திசையில், எந்த விமானத்தில், எந்த ஊரிலிருந்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு கரையில் மூடுவிழா, மறு கரையில் திறப்புவிழா

அமெரிக்கக் கம்பெனிகளைப் பொறுத்தவரை அட்லாண்டிக் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஏறக்குறைய முடிந்த கதை. டெல்டாவில் கிடையாது. 2016-ல் 'பொலாரிஸ்' என்ற பெயரில் பிசினஸ் கிளாஸைப் புதுப்பித்த யுனைடெட், ஃபர்ஸ்டைக் கைகழுவியது. கடைசியாகப் பிடித்துவைத்திருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 2022-ல் அறிவித்துவிட்டது. வாடிக்கையாளர்கள் வாங்கவில்லை, அதனால் எடுக்கிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள். அவர்களுடைய 777-300ஈஆர் விமானத்தில் 8 ஃபர்ஸ்ட், 52 பிசினஸ் இருக்கைகள் இருந்தன. மாற்றி அமைக்கும்போது ஃபர்ஸ்ட் சுழியம், கதவு வைத்த பிசினஸ் அறைகள் 70.

ஐரோப்பியர்கள் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறார்கள். ஏர் பிரான்ஸ் 2025-ல் புது 'லா பிரமியேர்' ஃபர்ஸ்ட் கேபினை அறிமுகப்படுத்தியது. ஒரு விமானத்தில் நாலே நாலு பேர், ஆளுக்கு ஐந்து ஜன்னல், உட்கார நாற்காலி தனி, அதன் எதிரே படுக்கையாக விரியும் திவான் தனி. லுஃப்தான்சா, ஸ்விஸ் இரண்டும் புதிய ஃபர்ஸ்ட் அறைகளைக் கொண்டுவந்திருக்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் ஏ380 விமானங்களுக்காகப் புதிய ஃபர்ஸ்ட் இருக்கையை 2024 நவம்பரில் அறிவித்தது.

ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் அட்லாண்டிக் 1984-ல் தொடங்கியபோதே ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற பெயரைத் தொடவில்லை. 'அப்பர் கிளாஸ்' என்று ஒன்றை வைத்து, பிசினஸ் விலையில் ஃபர்ஸ்ட் உபசாரம் என்றார்கள். நாற்பது வருஷம் கழித்துப் பார்த்தால், அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் வந்து நிற்கும் இடம் கிட்டத்தட்ட அதுதான்.

> பெட்டிச் செய்தி: நூறு கோடி டாலர் வழித்தடம்
>
> ஹீத்ரோவுக்கும் கென்னடிக்கும் இடையே தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர்.
>
> 2017 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரையிலான ஓராண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இந்த ஒரே வழித்தடத்தில் 100 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்த்ததாக விமானத் துறைத் தரவு நிறுவனமான ஓஏஜி கணக்கிட்டது.
>
> 2020 பிப்ரவரியில், சியாரா புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

வேகம் போய் விசாலம் வந்தது

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்தன. 1970-ல் ஜம்போ 747 வந்தது. 1977 நவம்பர் 22 முதல் கான்கார்டு நியூயார்க்குக்குப் பறந்தது. காலை பத்தரைக்கு லண்டனில் கிளம்பினால், நியூயார்க் கடிகாரத்தில் ஒன்பதரை ஆவதற்குள் போய் இறங்கலாம். கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்கிற அதிசயம். உள்ளே என்னவோ வரிசைக்கு நாலு பேர், மொத்தம் நூறு இருக்கை, உள்ளங்கை அகல ஜன்னல். அன்றைக்குப் பணக்காரர்கள் மூன்றரை மணி நேரப் பயணத்துக்காக நெருக்கியடித்து உட்காரத் தயாராக இருந்தார்கள். 2003 அக்டோபர் 24-ல் அது ஓய்வு பெற்றபோது வேகத்தை விற்கும் வியாபாரமும் முடிந்தது. இன்று முன் வரிசையில் விற்கப்படுவது இடம் மட்டுமே. அறையில் படுத்து வருகிறவரும், கடைசி வரிசையில் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவரும் ஒரே நிமிடத்தில்தான் தரை தொடுகிறார்கள்.

போகும்போது பகல், வரும்போது ராத்திரி

ஃபர்ஸ்ட் வாங்க நினைக்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள். பகல் பயணத்தை எப்படியும் ஓட்டிவிடலாம், ராத்திரிப் பயணத்துக்குத்தான் நல்ல படுக்கை வேண்டும், ஆகவே திரும்பும்போது ஃபர்ஸ்ட் எடுக்கலாம் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

காற்று இங்கே மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதனால் லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்பி வர ஆறரை. இரவு ஒன்பதரைக்கு நியூயார்க்கில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஏறி, விளக்கு அணைத்து, படுக்க முக்கால் மணி நேரம். இறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே விளக்கைப் போட்டுக் காலை உணவுக்குத் தட்டை எடுத்து வருவார்கள். நடுவில் எஞ்சுவது நாலரை மணி நேரம். சென்னையில் ராத்திரி ரயில் ஏறி மதுரை போகிறவருக்குக்கூட இதைவிட நீண்ட தூக்கம் கிடைக்கும். இந்த நாலரை மணியை ஐந்தாக்க எந்தக் கம்பெனியின் எந்த மெத்தையாலும் முடியாது.

படுக்கை என்று பார்த்தாலும், இன்றைய பிசினஸ் கிளாஸ் இருக்கையும் முழுசாகத் தட்டையாக விரிகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-லேயே பிசினஸில் தட்டைப் படுக்கை கொண்டுவந்துவிட்டது. 2019-ல் அதற்குக் கதவும் வைத்தது. அப்போது ஃபர்ஸ்டில் கதவு கிடையாது! பிசினஸ்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க, அவரைவிட அதிகம் கொடுத்தவர் நடைபாதையைப் பார்த்தபடி படுத்திருந்த வேடிக்கை கொஞ்ச காலம் நடந்தது. பிறகு சில 777 விமானங்களில் ஃபர்ஸ்டுக்கும் கதவு வந்தது. எல்லா விமானங்களுக்கும் வந்துவிடவில்லை.

மேற்கே போகும்போது கதை வேறு. எட்டு மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். பசிக்கிற நேரத்தில் சாப்பாடு கேட்கலாம், இரண்டு மணி கழித்து மறுபடி கேட்கலாம். கிரீன்லாந்துப் பக்கம் பனி தெரிகிறதா என்று ஜன்னலில் பார்க்கலாம். எட்டுப் பேருக்கு இரண்டு மூன்று பணியாளர்கள். கொடுத்த காசு எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. ஒரு வழிதான் ஃபர்ஸ்ட் என்றால் அது பகல் வழியாக இருக்கட்டும்.

திரும்பும் ராத்திரிக்கு மாற்று ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. நியூயார்க்கிலிருந்து காலை எட்டு மணி வாக்கில் கிளம்பும் பகல் விமானங்கள் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், வர்ஜின் போன்றவை இயக்குகின்றன. இரவு எட்டு மணிக்கு லண்டன். வீட்டுக்குப் போய், குளித்து, சொந்தக் கட்டிலில் படுக்கலாம். இதில் பிசினஸோ பிரீமியம் எகானமியோ போதும். ஒரு பகல் போகும் என்பது வாஸ்தவம். ராத்திரி விமானத்தில் வந்தவர் மறுநாள் முழுக்கக் கண் எரிய நடமாடுவதும் ஒரு பகலை இழப்பதுதான்.

அருமை தரையில் இருக்கிறது

வானத்தில் ஃபர்ஸ்டுக்கும் பிசினஸுக்கும் இடைவெளி குறையக் குறைய, கம்பெனிகள் தரையில் பணத்தைக் கொட்டுகின்றன. ஃபிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சா 2004-ல் ஃபர்ஸ்ட் கிளாஸ் பயணிகளுக்கென்றே ஒரு தனி டெர்மினல் கட்டியது. பாஸ்போர்ட் சோதனை உள்ளேயே நடக்கும். குளியல் தொட்டி வைத்த அறை, அதில் மிதக்கவிட ஒரு ரப்பர் வாத்து. விமானம் தயாரானதும் போர்ஷே அல்லது மெர்சிடீஸ் காரில் ஏற்றி, ஓடுதளத்து ஓரமாகவே படிக்கட்டு வரை கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த ரப்பர் வாத்தைச் சேகரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. கோடீஸ்வரர்கள் கைப்பையில் வாத்து பொம்மையோடு விமானம் ஏறுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஹீத்ரோ ஐந்தாவது டெர்மினலில் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 'ஃபர்ஸ்ட் விங்' என்று தனி வாசல். பெட்டி போட்டு, தனிப் பாதுகாப்புச் சோதனை தாண்டினால் நேரே லவுஞ்ச். அதற்குள்ளே கான்கார்டு ரூம். பாரிஸில் ஏர் பிரான்ஸ் லவுஞ்சின் சாப்பாடு பிரபல சமையல் கலைஞர் அலேன் டுகாஸ் பெயரில்.

இந்த ஆடம்பரமெல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சொந்த ஊரில்தான். மறுகோடியில் கிடைப்பது பெரும்பாலும் பகிர்ந்துகொள்ளும் லவுஞ்ச். கென்னடியின் செல்சி லவுஞ்ச், பகிர்ந்துகொள்வதுதான் என்றாலும், விதிவிலக்கு. 2022 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் எட்டாவது டெர்மினலுக்கு மாறியபோது, அமெரிக்கனும் அதுவும் சேர்ந்து அதை நன்றாகவே அமைத்தார்கள். ஆக, ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் பகல் பயணத்துக்கு ஃபர்ஸ்ட் எடுக்க இன்னொரு காரணமும் சேர்கிறது. கிளம்பும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பு ஓடி வந்து ஏறுகிறவர் ஃபர்ஸ்ட் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கில் இறங்கியதும் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரி முன்னால் ஃபர்ஸ்ட் கிளாஸ் போர்டிங் பாஸ் செல்லாது. முதலில் இறங்குவீர்கள், அவ்வளவுதான். பின்னால் வேறு விமானத்தில் வந்த முந்நூறு பேர் ஏற்கெனவே வரிசையில் நின்றால் நீங்கள் முந்நூற்று ஒன்றாவது ஆள். அங்கே உதவுவது 'குளோபல் என்ட்ரி' என்ற அமெரிக்க அரசின் விரைவு அனுமதித் திட்டம். ஐந்து வருஷத்துக்கு 120 டாலர். பிரிட்டன், இந்தியக் குடிமக்கள் இருவருமே விண்ணப்பிக்கலாம். நாலு நாள் பயணத்தில் ஒரு மணி நேரம் மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை.

தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டால் மலிவு

லண்டனிலிருந்து நேரடியாக வாங்கும் ஃபர்ஸ்ட் டிக்கெட்தான் பெரும்பாலும் விலை உச்சம். அதே கம்பெனி, அதே விமானம், ஆனால் டிக்கெட் டப்ளினில் தொடங்கினால் விலை குறையும் நாட்கள் நிறைய. டப்ளினிலிருந்து லண்டன் வந்து, அங்கிருந்து அதே நியூயார்க் விமானத்தில் ஏறுவது. கிறுக்குத்தனமாகத் தோன்றும். இந்த விலைக்குறைவுக்குப் போட்டி ஒரு காரணம், வரி இன்னொரு காரணம்.

> பெட்டிச் செய்தி: வரியின் விளையாட்டு
>
> பிரிட்டனிலிருந்து கிளம்புகிறவர் கட்டும் விமானப் பயணி வரி, நியூயார்க் தூரத்துக்கு 2026 ஏப்ரல் முதல்: எகானமிக்கு 102 பவுண்டு, அதற்கு மேலான வகுப்புகளுக்கு 244 பவுண்டு.
>
> பிரீமியம் எகானமிக்கும் ஃபர்ஸ்டுக்கும் இந்த வரியில் வித்தியாசம் கிடையாது.
>
> அயர்லாந்து தன் விமானப் பயண வரியை 2014-லேயே எடுத்துவிட்டது. ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நிலையத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் பிரிட்டன் வரி விலக்கு உண்டு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. லண்டனில் இருப்பவர் முதலில் டப்ளினுக்குத் தனி டிக்கெட்டில் போக வேண்டும். அந்தக் குட்டி விமானம் தாமதமானால், பெரிய டிக்கெட் கைநழுவிப் போகும். எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. முந்தைய நாளே போய் ஒரு ராத்திரி தங்குவதுதான் புத்தி. ஹோட்டல், சாப்பாடு, ஒரு நாள் எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து, இரண்டு பேருக்குச் சில ஆயிரம் பவுண்டு மிச்சமானால் செய்யலாம். நூறு இருநூறு பவுண்டுக்காக என்றால் வேண்டாத வேலை.

இன்னொரு வழி பொறுமைசாலிகளுக்கு. பிசினஸ் வாங்கிவிட்டுக் காத்திருப்பது. முன் கேபின் நிரம்பாவிட்டால், பயண நாள் நெருங்கும்போது கூடுதல் தொகைக்கு ஃபர்ஸ்டுக்கு மாறச் சொல்லிப் பிரிட்டிஷ் ஏர்வேஸே சில சமயம் அழைக்கும். நேரடி விலையோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் குறைவுதான். கிடைத்தால் கிடைத்தது. மைல் புள்ளிகளில் வாங்குகிறவர்கள், டிக்கெட் 'இலவசம்' என்று நினைத்துப் போய், கம்பெனி தன் பங்குக்குப் போடும் சர்சார்ஜைப் பார்த்துத் திகைப்பது வாடிக்கை. புள்ளிக் கணக்கோடு ரொக்கக் கணக்கையும் முதலிலேயே பாருங்கள்.

மூன்றாம் நாட்டுக் கம்பெனிகளும் இந்தக் கடலைத் தாண்டுகின்றன. எமிரேட்ஸின் ஏ380 துபாயிலிருந்து மிலான் வழியாக நியூயார்க் போகிறது. மிலானில் ஏறியும் போகலாம். அட்லாண்டிக்குக்கு மேலே ஷவரில் குளிக்கலாம், ஆளுக்கு ஐந்து நிமிடத் தண்ணீர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நியூயார்க்குக்குப் பறக்கிறது. ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு நியூயார்க் போகிறவர்கள் இவற்றைக் கட்டாயம் விலை பார்க்க வேண்டும்.

லண்டனிலிருந்து டொராண்டோவுக்குக் கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா என்று போய்வரும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தகவல்: ஏர் கனடாவில் ஃபர்ஸ்ட் கிளாஸே கிடையாது, அங்கே உச்சம் பிசினஸ்தான்.

விமானம் மாறினால் கதை கந்தல்

ஃபர்ஸ்ட் வாங்குகிறவர் ஊர் பெயரைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், விமானத்தின் வகையைப் பார்ப்பதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏ350-லும் 787-8-லும் ஃபர்ஸ்ட் கேபினே இல்லை. 787-9, 787-10-ல் உண்டு. 777 என்றால் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. டிக்கெட் வாங்கிய பிறகு கம்பெனி விமானத்தை மாற்றினால், கையில் ஃபர்ஸ்ட் டிக்கெட்டோடு பிசினஸில் போய் உட்கார வேண்டியதுதான்.

அப்படி இறக்கி உட்காரவைத்தால் என்ன செய்வது? கவுண்டரில் கொடுக்கும் வவுச்சரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதி 261-ம், அதையே பின்பற்றும் பிரிட்டன் சட்டமும் தெளிவாக இருக்கின்றன: 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் பயணியைக் கீழ் வகுப்புக்கு மாற்றினால், அந்தப் பயணத்துக்கான கட்டணத்தில் 75 சதவீதத்தை ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும். வகுப்புகளுக்கு இடையிலான வித்தியாசத் தொகை இல்லை, கட்டணத்திலேயே முக்கால் பங்கு. லண்டனிலிருந்து எந்தக் கம்பெனியில் கிளம்பினாலும் இது பொருந்தும். நியூயார்க்கிலிருந்து அமெரிக்கக் கம்பெனியில் திரும்பினால் பொருந்தாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு சொல். ஃபர்ஸ்டில்தான் போகிறோமே, எல்லாம் இருக்கும் என்று நம்பிப் போய் உட்கார்ந்தால், மீனுக்கும் மாட்டிறைச்சிக்கும் நடுவே ஒரே ஒரு பாஸ்தா உங்களைப் பார்த்துச் சிரிக்கும். சிறப்பு உணவைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள்.

அந்த இடத்துக்கு இன்னொரு விலை

பிரிட்டன் அரசின் கார்பன் கணக்கில், நெடுந்தூர விமானத்தின் ஃபர்ஸ்ட் பயணி, எகானமி பயணியைப் போல நான்கு மடங்கு கரியமில வாயுவுக்குப் பொறுப்பாகிறார். பிசினஸுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. கணக்கு எளிது: எரிபொருள் அதேதான், ஒருவர் நாலு பேரின் இடத்தை அடைத்துக்கொள்கிறார். ஏர் பிரான்ஸின் நாலு பேர் கேபின்களுக்கு இதைவிட அதிகம் வரும் என்று ஊகிக்கக் கணித மேதை தேவையில்லை. முன் கேபினின் பணம்தான் பின் கேபினின் டிக்கெட்டைத் தாங்குகிறது என்று கம்பெனிகளின் தரப்பில் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எட்டு ஃபர்ஸ்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பதினெட்டு பிசினஸ் இருக்கை கூடுதலாக வைக்கும்போது, அந்த வாதத்துக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

எங்கள் தீர்ப்பு

வருஷத்துக்கு நாலு தடவை போகிறவருக்கு ஃபர்ஸ்ட் தேவையில்லை. நல்ல பிசினஸ் இருக்கையும் குளோபல் என்ட்ரியும் போதும். வாழ்நாளில் ஒரு தடவை என்று ஆசைப்படுகிறவர் தாராளமாக வாங்கலாம். கம்பெனியின் சொந்த ஊரிலிருந்து, மதியத்தை ஒட்டிக் கிளம்பும் பகல் விமானத்தில், ஒரே டிக்கெட்டில் போகும்போது ஃபர்ஸ்ட், வரும்போது பிசினஸ் என்று கலந்து வாங்குங்கள். ஒரு வழி டிக்கெட்டுகளாகப் பிரித்து வாங்கினால் பழைய பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் விலை ஏறும். லவுஞ்சுக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பு, விமான எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் வகையை மறக்காமல் பாருங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸில் அங்கே ஏ350 என்று இருந்தால், அந்த விமானத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடையாது.